கோச்சிங்கில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கோடை விடுமுறையில் பிள்ளையை நீச்சலுக்கோ கிரிக்கெட்டுக்கோ சேர்க்கப் போகிறீர்களா? கட்டணம் விசாரிக்கும்போதே, "கோச்சுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் செஞ்சிருக்கீங்களா? கடைசியா எப்போ?" என்றும் கேளுங்கள். தயங்கவே வேண்டாம். 2020ஆம் ஆண்டின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) விதிகள் விளையாட்டு அகாடமிகளையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றன: பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரின் பின்னணியையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும். வேன் ஓட்டுநரைப் பற்றியும், உடை மாற்றும் அறைப் பக்கம் நிற்பவரைப் பற்றியும் நாம்தான் கேட்க மறந்துவிடுகிறோம்.

சான்று இருந்தாலும் முதல் வாரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோரை உள்ளே விடாத இடத்தில் நான் சேர்க்கவே மாட்டேன். பிள்ளை திடீரென்று போக மறுத்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள். சந்தேகம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, எந்நேரமும் கூப்பிடலாம்.