சக்கர நாற்காலியோடு விமானம் ஏற: கோவையிலிருந்து முதல்முறை பறப்பவர்களுக்கு

உடுமலையிலிருந்து ஒரு அக்கா போன வாரம் கூப்பிட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு டெல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்களாம். "ஏனுங்க தம்பி, வண்டியைக் கழட்டி மூட்டை கட்டிக் குடுக்கோணுங்களா?" என்று கேட்டார். வண்டி என்றது சக்கர நாற்காலியை. நாங்களெல்லாம் அப்படித்தான் சொல்வோம். போனில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அடுத்து கேட்பவருக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நான் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். பொள்ளாச்சிப் பக்கம் இது புதுக் கதை இல்லை. முதல் தடவை பறந்தபோது என் வண்டி சாமான் வரும் பெல்ட்டில் கவிழ்ந்தபடி வந்து சேர்ந்தது, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ஒன்று இல்லாமல். அது கையோடு கழன்று வரும் என்று தூக்கியவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய நானும் சொல்லவில்லை. வண்டியை அவர்கள் பார்ப்பது இரண்டு நிமிடம்தான். அதற்குள் அவர்களுக்குத் தெரிய வேண்டியதை வீட்டிலேயே தயார் செய்துவிட வேண்டும்.

1. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வண்டியை அளந்துகொள்ளுங்கள்

மடித்த நிலையில் நீளம், அகலம், உயரம், எடை. நான் கொப்பரைக் களத்து எடைமேடையில் ஏற்றித்தான் எடை பார்த்தேன். கையால் தள்ளும் வண்டி என்றால் இவ்வளவுதான் வேலை. பேட்டரி வண்டி என்றால் இங்கேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரி என்ன வகை என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றும் பழைய பேட்டரி என்றால் பெரும்பாலும் சிக்கல். விமான நிறுவனத்திடம் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். சீல் செய்த ஜெல் பேட்டரி கசியாது, அது பரவாயில்லை. லித்தியம் என்றால் கணக்குப் போட வேண்டும். பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240 வாட்-மணி.

கழற்றும்படி அமைந்த லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 300 வாட்-மணி. வண்டி இரண்டு பேட்டரியில் ஓடினால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். உபரியாக 300-க்குள் ஒன்றோ, 160-க்குள் இரண்டோ கொண்டுபோகலாம். இவை உலகப் பொது விதிகள். இவற்றோடு விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். கழற்றிய பேட்டரி உங்கள் கையோடு கேபினுக்குள் வரும். பெட்டியில் போட்டுக் கீழே அனுப்பக் கூடாது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனிப் பையில் வையுங்கள்.

அக்கா மகனின் வண்டி 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி. 288. தப்பித்தார். 20 ஆம்பியர்-மணி பேட்டரியாக இருந்திருந்தால் 480 ஆகியிருக்கும். கழற்றிக் கையில் கொண்டுபோக முடியாது.

2. டிக்கெட் போட்டதும் போன் செய்யுங்கள்

இணையத்தில் 'வீல்சேர் உதவி' என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டு விடாதீர்கள். வண்டி தேவை என்று மட்டும்தான் அது சொல்லும். சொந்த வண்டி வருகிறது என்று சொல்லாது. குறைந்தது 48 மணி நேரம் முன்பாகச் சொல்லிவிட வேண்டும். அளவு, எடை, பேட்டரி விவரம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நிற்கும் பிள்ளைக்கு போனில் யார் என்ன சொன்னார் என்று தெரியாது. காகிதம் இருந்தால் பேச்சே இல்லை.

அவர்கள் பாஷையில் மூன்று குறியீடு உண்டு. படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். சீட் வரைக்கும் தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. கடைசி எழுத்து மாறினால் படிக்கட்டுக்குக் கீழே நின்று விழிக்க வேண்டியதுதான். வண்டிக்கும் ஊன்றுகோலுக்கும் தனிக் கட்டணம் கேட்டால், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதியைச் சொல்லுங்கள்.

அவசர வழியருகே உள்ள வரிசையில் நமக்கு இடம் தர மாட்டார்கள். நடைபாதை ஓரச் சீட்டில் கைப்பிடி மேலே தூக்குகிற மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். பல விமானங்களில் அதன் அடியில், பின்பக்கம், ஒரு சின்ன பட்டன் ஒளிந்திருக்கும். பணிப்பெண்ணைக் கேட்டால் அமுக்கித் தூக்கிவிடுவார். சீட்டுக்கு மாறுவது பாதி எளிதாகிவிடும்.

3. வண்டியிலேயே ஒரு தாள் கட்டுங்கள்

என் முதல் பயணத்தில் விட்டுப்போனது இதுதான். பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும், லேமினேட் செய்து முதுகுச் சாய்வில் கட்டிவிடுங்கள்: எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கவே கூடாது, மோட்டாரை விடுவித்துத் தள்ள எந்த லீவர், எப்படி மடிப்பது. உங்கள் பெயரும் போன் நம்பரும் அதிலேயே இருக்கட்டும். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கழன்று வரும் எதையும் வண்டியில் விடாதீர்கள். ஃபுட்ரெஸ்ட், பக்கத் தடுப்பு, ஜாய்ஸ்டிக், மெத்தை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். கழற்றும் வேலையைப் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே முடியுங்கள். ஸ்பேனரும் ஆலன் கீயும் கேபினுக்குள் வராது, அவை பெட்டியில் போக வேண்டியவை.

காற்று மெத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மேலே போகப்போகக் கேபினில் காற்றழுத்தம் குறையும், மெத்தை உப்பும். கொஞ்சம் காற்று இறக்கிவிட்டு, இறங்கியதும் பம்பால் நிரப்புங்கள். மெத்தையை விமானச் சீட்டின் மேலேயே போட்டு உட்காரலாம். புண் வரும் ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

4. அன்றைக்கு

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஈச்சனாரியில் பைபாஸ் பிடித்து நீலாம்பூர் வழியாக வந்தால் ஊர் நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். விமானம் கிளம்ப இரண்டரை மணி நேரம் முன்பே கவுன்டருக்குப் போய்விடுங்கள். அங்கே ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "என் வண்டியிலேயே விமான வாசல் வரை வருகிறேன், இறங்கும்போதும் வாசலிலேயே வேண்டும்." அதற்கான டேக்கைக் கட்டச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பெல்ட்டுக்குத்தான் போகும். பேட்டரி வண்டியைக் கவுன்டரிலேயே வாங்கிக்கொள்வதும் உண்டு. அப்போது விமான நிலைய வண்டிதான்.

சோதனையில் எழுந்து நிற்கச் சொன்னால் "முடியாதுங்க" என்று சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே தடவிப் பார்த்து அனுப்புவார்கள். செயற்கைக் கால் போட்டவர்கள் தனியறை கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம்.

கட்டடத்தையும் விமானத்தையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜ் பாலம் இருந்தால் நேரே உள்ளே. இல்லாவிட்டால் ஆம்புலிஃப்ட் என்ற தூக்கு வண்டியோ சாய்தளமோ வரும். உள்ளே போக ஐல் சேர் என்ற ஒடுக்கமான நாற்காலி. அதற்கு மாற்றும்போது, எப்படித் தூக்க வேண்டும் என்று அவர்கள் கை வைப்பதற்கு முன்னே நீங்கள் சொல்லுங்கள்: ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்கு அடியில், ஒருவர் முழங்காலுக்கு அடியில். சிறுநீர் சேரும் கதீட்டர் பை இருந்தால் அதற்கு முன்பே காலி செய்துவிடுங்கள். சின்ன விமானத்தில் கழிவறைக்குள் நம்மால் திரும்பக்கூட முடியாது.

5. இறங்கியபின்

எல்லோரும் இறங்கிய பிறகுதான் நம் முறை. வண்டி வாசலுக்கு வந்துவிட்டதா என்று கேட்காமல் சீட்டை விட்டு எழ வேண்டாம். வந்ததும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், பிரேக் போட்டுப் பாருங்கள், ஜாய்ஸ்டிக்கை மாட்டி நாலடி ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒடிந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதி வாங்கி, காலையில் எடுத்த போட்டோவையும் காட்டுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அன்று நான் "சரி போகட்டும்" என்று வெளியே வந்துவிட்டேன். அந்த ஃபுட்ரெஸ்ட்டைக் கடைசியில் என் காசில்தான் வாங்கினேன்.