அவசர மாத்திரை போட்ட பிறகு நாள் தள்ளிப்போனால்: எப்போது டெஸ்ட், எப்போது டாக்டர்

ஐ-பில், அன்வான்டட் 72 என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அவசரக் கருத்தடை மாத்திரைக்குள் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்து, 1.5 மில்லிகிராம். தினமும் போடும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் இதே மருந்து 0.15 மில்லிகிராம்தான். அதாவது பத்து நாள் அளவை ஒரே விழுங்கில் உடம்புக்குக் கொடுக்கிறீர்கள். அந்த மாதக் கணக்கு கொஞ்சம் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மாத்திரை செய்யும் வேலை, முட்டை வெளிவருவதைச் சில நாட்கள் நிறுத்தி வைப்பது. விந்தணு உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அது செத்த பிறகு முட்டை வந்தால் கவலையில்லை. முட்டை தாமதமானால் அதற்குப் பின்னால் வரவேண்டிய மாதவிடாயும் தாமதமாகும். சுழற்சியின் ஆரம்ப நாட்களில் போட்டவர்களுக்குச் சில சமயம் முன்கூட்டியே வந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு எதிர்பார்த்த தேதிக்கு முன்போ பின்போ ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். அந்த ஒரு வாரத்துக்குள் பதறிப்போய் எதையும் செய்யத் தேவையில்லை.

மாத்திரை போட்ட சில நாட்களில் லேசாக ரத்தம் படலாம். இதைப் பீரியட்ஸ் என்று நினைத்து நிம்மதியடைவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வழக்கமான அளவு, வழக்கமான நாட்கள் இல்லாமல் வெறும் கறையாக வந்து நின்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரத்தம் படவில்லை என்றால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று அர்த்தமும் இல்லை.

எந்த நாளிலிருந்து எண்ணுவது

தள்ளிப்போன நாட்களை மட்டும் எண்ணினால் ஏமாறுவீர்கள், காரணம் எதிர்பார்த்த தேதியையே மாத்திரை நகர்த்தியிருக்கிறது. நம்பத்தக்க கணக்கு, பாதுகாப்பில்லாத கடைசி உறவிலிருந்து 21 நாள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு இதை விட்டால் வேறு கணக்கே கிடையாது.

28 நாள் சுழற்சி உள்ள ஒருவருக்குக் கடைசி மாதவிடாய் ஜூன் 1-ல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 12 இரவு உறவு, 13 காலை மாத்திரை. அடுத்தது ஜூன் 29-ல் வரவேண்டும். வரவில்லை. ஜூலை 3-ல் 21 நாள் முடிகிறது. அன்று டெஸ்ட் செய்து நெகடிவ் வந்தால் அந்த உறவால் கர்ப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாத்திரை இருக்கிறதே என்ற தைரியத்தில் ஜூன் 18-ல் ஆணுறை இல்லாமல் மறுபடி உறவு நடந்திருந்தால்? தள்ளிவைக்கப்பட்ட முட்டை அந்த நாட்களில் வெளிவரலாம். இப்போது கணக்கு ஜூலை 9 வரை நீளும். 3-ம் தேதி நெகடிவ் முடிவான பதில் அல்ல. இந்த மாத்திரை ஏற்கெனவே நடந்த உறவுக்கு மட்டும்தான், அடுத்த உறவுக்கு அல்ல.

டெஸ்ட் செய்யும்போது

மெடிக்கலில் விற்கும் எந்தக் கர்ப்ப டெஸ்ட் கிட்டும் போதும். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுப்பாருங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான, காய்ந்த டப்பாவில் பிடியுங்கள். கிட்டோடு வரும் டிராப்பரால், அட்டையில் சொல்லியிருக்கும் அளவு (பெரும்பாலும் மூன்று சொட்டு) குழியில் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் பாருங்கள். C கோடு மட்டும் வந்தால் நெகடிவ். C, T இரண்டும் வந்தால் பாசிட்டிவ். T கோடு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். C கோடே வரவில்லை என்றால் கிட் பழுது, வேறொன்று வாங்குங்கள். அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்துத் தெரியும் கோட்டை நம்ப வேண்டாம்.

நெகடிவ், ஆனாலும் வரவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் லேபில் பீட்டா எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்யலாம், அது சிறுநீரை விடக் கொஞ்சம் முன்பே காட்டும். இரண்டாவதும் நெகடிவ் என்றால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), தைராய்டு, பாலூட்டுவது, திடீர் எடைக்குறைவு, தேர்வு நேரத்துத் தூக்கமின்மை என்று வேறு காரணத்தை டாக்டர்தான் தேட வேண்டும்.

பழுத்த பப்பாளி, எள்ளுருண்டை, வெல்லம் எதுவும் பீரியட்ஸைக் கொண்டுவராது, சாப்பிட்டால் கெடுதலும் இல்லை. கெடுதல் செய்வது மெடிக்கலில் கேட்டு வாங்கும் "பீரியட்ஸ் வர மாத்திரை". டெஸ்ட் செய்யாமல் அதைப் போட்டால் குழப்பம்தான் கூடும். கருக்கலைப்பு மாத்திரையை ஸ்கேன் பார்க்காமல் வீட்டிலேயே போடுவது அதைவிட ஆபத்து: கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடிக்கலாம்.

அவசர மாத்திரை தோற்றிருக்க வாய்ப்பு யாருக்கு அதிகம்? 72 மணி நேர எல்லையின் கடைசியில் போட்டவர்களுக்கு. தமிழ்நாட்டில் பல மெடிக்கல்கள் "ஸ்டாக் இல்லை" என்று கைவிரிப்பதால் தேடியே நேரம் போய்விடுகிறது. போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து, மறுபடி போடாதவர்களுக்கு. டிபிக்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமாசெபின் எடுப்பவர்களுக்கு, இவை மருந்தை ஈரலிலேயே கரைத்துவிடும். எடை 70 கிலோவைத் தாண்டியவர்களுக்கும் பலன் குறையலாம். இவர்கள் 21-ம் நாள் டெஸ்டைத் தவறவிடக் கூடாது. அடுத்த முறை ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வதுதான் இவர்களுக்கு நல்ல வழி.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், இவற்றில் எது வந்தாலும், ரத்தம் படாவிட்டாலும், டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாசிட்டிவ் வந்தால் முதலில் ஸ்கேன். தொடர விரும்பினால், நீங்கள் போட்ட அவசர மாத்திரை கருவுக்குக் கெடுதல் செய்யாது. வேண்டாம் என்றால், இந்தியச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிறைந்தவருக்குக் கணவர், பெற்றோர் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. திருமணமாகாதவர்களுக்கும் இதே உரிமை உண்டு என்பதை 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சீக்கிரம் போனால் கருக்கலைப்பு மாத்திரையிலேயே முடியும், டாக்டர் மேற்பார்வையில், 9 வாரத்துக்குள்.