கரண்ட் வந்ததும் கர்சரை நகர்த்தாதீர்கள்

போன மாதம் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஜாப் ஷாப்புக்குப் போயிருந்தேன். ஆர்டரின்படி பாகங்களை வெட்டிக் கொடுக்கும் இடம். சிஎன்சி மெஷின் புரோகிராம் ஒன்றைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி அழைத்திருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்தது. விஎம்சி என்ற மில்லிங் மெஷினில் நின்ற பையன் ஐடிஐ முடித்து வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். மெஷினை ஆன் செய்தான், எடிட்டுக்குப் போனான், கர்சரைக் கீழே தள்ளிக்கொண்டே போய்ப் பாதிப் புரோகிராமில் நிறுத்தினான். மோடை ஆட்டோவுக்குத் திருப்பினான். கட்டைவிரல் சைக்கிள் ஸ்டார்ட் மேல்.

"தம்பி, கைய எடு!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாண்ணா? எட்டாவது ஓட்டைல நின்னுச்சி. அங்கேர்ந்து ஓட்டினா ஆவாதா?"

ஆகாது. அவனாவது கேட்டான். நான் அந்த வயதில் யாரையும் கேட்காமலே அழுத்தினேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். சக் கீயைச் சக்கிலேயே விடுவது, வைஸில் சிப்ஸைத் துடைக்காமல் ஜாப் வைப்பது, கண்ணாடி போடாமல் நிற்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வீர்கள். இங்கே இருப்பவை வேறு வகை. மெஷினை நடத்தும் கண்ட்ரோல்களில் நான் அதிகம் கை வைத்தது ஃபேனுக் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

புள்ளி

புரோகிராமில் எக்ஸ் அச்சுக்கு எக்ஸ்50 என்று எழுதினால் 50 மில்லிமீட்டர் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஃபேனுக் அதை 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மெஷினின் உள் அமைப்பான பாராமீட்டரை எப்படி வைத்திருக்கிறார்களோ அப்படி. அதனால் ஒரு மெஷினில் நன்றாக ஓடிய புரோகிராம் பக்கத்து மெஷினில் கோணிக்கொள்ளும். சீமென்ஸில் பழகியவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், அங்கே 50 என்றால் 50 தான். எக்ஸ்50. என்று புள்ளியோடு எழுதுங்கள். மரை வெட்டும் ஜி76 திரெட்டிங் சைக்கிளில் வரும் பி, கியூ இரண்டுக்கும் புள்ளி கூடாது. அங்கே வெட்டின் ஆழத்தை மைக்ரானில்தான் தர வேண்டும்.

பாதியிலிருந்து ஓட்டுவது

2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அப்போது வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். சென்னையைத் தாண்டிவிட்டால் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. நான் இருந்த கடையில் ஜெனரேட்டரை நைட் ஷிஃப்டுக்குப் போட மாட்டார்கள், டீசல் கட்டுப்படியாகாது. கரண்ட் போனால் உட்கார், வந்தால் ஓட்டு.

ஒரு ராத்திரி, இஎன்8 ஸ்டீல் பிளாக் ஒன்று. பாக்கெட், ஸ்டெப் எல்லாம் முடிந்து கடைசி வேலையாக 12 ஓட்டை. ஏழு முடிந்து டிரில் மேலே வந்த நேரம் கரண்ட் போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. தூக்கக் கலக்கம். முதலிலிருந்து ஓட்டினால் முடித்த வேலையையே மறுபடி ஓட்ட வேண்டுமே என்று, கர்சரை எட்டாவது ஓட்டையின் வரியில் வைத்து ஸ்டார்ட் கொடுத்தேன்.

டேபிள் மட்டும் நகர்ந்து எட்டாவது ஓட்டைக்கு நேராக வந்து நின்றது. டிரில் இறங்கவில்லை. அங்கேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? 'ஓகோ, ஓட்டை போடச் சொல்லும் ஜி81 போய்விட்டது' என்று பெரிய கெட்டிக்காரன் போல அந்த வரியில் ஜி81, இசட்-20., ஆர்3., எஃப்100 எல்லாவற்றையும் சேர்த்து எழுதி மறுபடி அழுத்தினேன். ரேப்பிட், அதாவது வெட்டாமல் நகரும் வேகம், 100 சதவீதத்தில் இருந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. டிரில் சுற்றாமலே இறங்கி, ஒடிந்து, அதன் பின்னால் டிரிலைப் பிடித்திருந்த கோலெட் சக் நேராகப் பிளாக்கில் போய் உட்கார்ந்தது. திரையில் 411 அலாரம். மறுநாள் டெஸ்ட் பார் மாட்டி டயல் வைத்தால் ஊசி 40 மைக்ரான் ஆடியது. டூலைச் சுற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் காலி. ஜாப்பும் காலி. மெஷின் பத்து நாள் நின்றது. முதலாளி என்னிடம் பேசாமல் இருந்ததும் அந்தப் பத்து நாள்தான்.

நடந்தது இதுதான். டூல் நீளம் போன்ற அளவுகள் இருக்கும் ஆஃப்செட் டேபிள், புரோகிராம், பாராமீட்டர் எல்லாம் கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் 'இந்த நிமிடம் எது அமலில் இருக்கிறது' என்பது அழிந்துவிடும். ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருந்தது, ஜி81 சைக்கிள் நடந்துகொண்டிருந்தது, ஜி43 எச்5 என்று டூல் நீளத்தைக் கணக்கில் எடுத்திருந்தது, எல்லாம் போச்சு. ஜாப்பின் பூஜ்யப் புள்ளியாக ஜி55-ஐ வைத்து நீங்கள் ஓட்டியிருந்தாலும் மெஷின் ஜி54-ல்தான் எழுந்திருக்கும். எனக்கு ஜி81 மட்டும் ஞாபகம் வந்தது, ஜி43 வரவில்லை. நீளம் தெரியாத மெஷினுக்கு ஆர்3. என்றால், ஸ்பிண்டிலின் மூக்கையே ஜாப்புக்கு 3 மில்லிமீட்டர் மேலே கொண்டுபோ என்று அர்த்தம். நடுவில் 140 மில்லிமீட்டருக்கு ஒரு டூல் தொங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கடையில் டூல் நீளத்தை அளந்து பிளஸ்ஸில் போடுவோம். வேறு சில கடைகளில் ஜி54-ல் இசட்டைப் பூஜ்யமாக வைத்து, மெஷினின் தொடக்க இடமான ஹோமிலிருந்து ஜாப் வரை உள்ள தூரத்தை எச்-ல் மைனஸில் போடுவார்கள். அங்கே இதே தப்பைச் செய்திருந்தால் இசட் மேலே போகப் பார்த்து ஓவர் டிராவல் அலாரத்தோடு நின்றிருக்கும். அப்படிப்பட்ட கடையில் இரண்டு வருடம் பாதியிலிருந்து ஓட்டித் தப்பித்தவன் பிளஸ் கடைக்கு வந்து முதல் வாரமே மோதுவான். 'நான் எத்தனையோ தடவை இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்' என்பான்.

ரீசெட் பட்டனும் அப்படித்தான். அதை அழுத்தினால் சில மெஷினில் டூல் நீளம் நீங்கும், சிலவற்றில் நிற்கும். பாராமீட்டரைப் பொறுத்தது. எது என்று உங்கள் மெஷினில் காற்றில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது ஆபரேட்டர் மேல் அல்ல, புரோகிராம் எழுதுகிறவர் மேல். ஜி90 ஜி54-ஐ உச்சியில் ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, பன்னிரண்டு டூலுக்கும் அதுவே போதும் என்று விட்டுவிடுவார். புரோகிராமைத் தானே எழுதும் கேம் சாஃப்ட்வேரும் சில நேரம் அப்படித்தான் துப்பும். நைட் ஷிஃப்டில் நிற்பவன் எங்கிருந்து தொடங்குவான்? எந்த டூல், எந்தப் பூஜ்யப் புள்ளி, ஸ்பிண்டில் வேகம், டூல் நீளம் எல்லாவற்றையும் சொல்லும் ஒரு தலைப்பு ஒவ்வொரு டூலுக்கும் வேண்டும்:

என்500 டி5 எம்06
ஜி90 ஜி54 ஜி00 எக்ஸ்20. ஒய்15.
எஸ்800 எம்03
ஜி43 எச்5 இசட்50. எம்08

நான்கே வரி. இருந்தால் கரண்ட் எங்கே போனாலும் என்500-க்குத் திரும்பி, அந்த டூலை முதலிலிருந்து ஓட்டலாம். முடிந்த ஏழு ஓட்டையில் டிரில் சும்மா இறங்கி ஏறும். இரண்டு மூன்று நிமிடம் போகும், போகட்டும். முதல் முறை இறங்கும்போது வரி வரியாக ஓட்டும் சிங்கிள் பிளாக், ரேப்பிட் 25 சதவீதம், ஒரு விரல் நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டில். டூல் ஜாப்புக்கு ஒரு சாண் மேலே வந்ததும் ஃபீட் ஹோல்டை அழுத்தி, திரையில் 'இன்னும் போக வேண்டிய தூரம்' எவ்வளவு காட்டுகிறது, கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிடத் திரை அதிகம் காட்டினால், கண்ணை நம்புங்கள்.

அந்தப் பையனின் புரோகிராமில் தலைப்பு வரிகள் இல்லை. உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். போன வேலை அப்படியே நின்றது.

டேப் உள்ளே மாட்டியிருந்தால்

கரண்ட் வந்ததும் ஹோம் எடுக்கக் கை போகும். மரை வெட்டும் டேப் ஓட்டைக்குள் இருக்கும்போது இசட்டைத் தூக்கினால் டேப் ஒடியும். கோலெட் நட்டைத் தளர்த்தி, இசட்டை ஹேண்டில் வீலில் மெல்ல ஏற்றி, டேப் ரெஞ்சால் சுற்றி எடுங்கள். அப்புறம் ஹோம்.

இன்புட், பிளஸ் இன்புட்

ஆஃப்செட் மதிப்பை மாற்றும் இந்த இரண்டு பட்டனும் திரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று பழைய மதிப்பை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும், இன்னொன்று பழையதோடு கூட்டும். லேத்தில் ஓட்டையைப் பெரிதாக்கும் போரிங்கில் விட்டம் 40 வர வேண்டிய இடத்தில் 39.96 வருகிறது, டூல் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேர் ஆஃப்செட்டில் ஏற்கெனவே -0.12 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.04 அடித்துப் பிளஸ் இன்புட் கொடுத்தால் -0.08 ஆகும், போர் சரியாக வரும். இன்புட் கொடுத்தால் -0.12 போய் 0.04 வந்து உட்காரும். அடுத்த பீஸ் 40.12. குப்பை.

இதோடு சேர்ந்த இன்னொரு வியாதி, பீஸுக்குப் பீஸ் ஆஃப்செட்டைத் தட்டுவது. வேலூர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, காலை எட்டு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் ஷாப்பில் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 300 மில்லிமீட்டர் ஸ்டீல் ஷாஃப்ட் 10 டிகிரி சூடேறினால் நீளத்தில் சுமார் 35 மைக்ரான் கூடும். மெஷினும் வளரும். காலையில் ஸ்பிண்டிலைக் கால் மணி நேரம் சும்மா சுற்றவிட்டுத் தொடங்குங்கள். ஜாப்பைக் கையில் பிடித்தால் சுடுகிறதா? ஆறவிட்டு அளங்கள். சூட்டில் அளந்து, ஆஃப்செட் தட்டி, சாப்பிட்டுவிட்டு வந்து எதிர்த் திசையில் இன்னொரு தட்டு தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜி96 இருந்தால் ஜி50

ஜி96 வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும், அதனால் லேத்தில் ஜாப்பின் முகத்தைச் சீவும் ஃபேசிங் எடுக்கும்போது டூல் நடுவை நோக்கிப் போகப் போக ஆர்பிஎம் ஏறும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 200 மீட்டர் என்றால் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் சுமார் 1,270. 10 மில்லிமீட்டரில் சுமார் 6,370. கோணலான காஸ்டிங்கைச் சக்கில் பிடித்துக்கொண்டு அந்த வேகம் ஏறினால் பக்கத்தில் நிற்க முடியாது. ஜி50 எஸ்1500 என்று முதலிலேயே உச்சவரம்பைக் கட்டிவிடுங்கள்.

திரெட்டிங் பாதியில் நின்றால்

ஜாப்பைச் சக்கிலிருந்து கழற்றாதீர்கள். மறுபடி மாட்டினால் பழைய திரெட்டோடு சேராது.

ஜி41

டூலின் ஆரத்தை ஈடுகட்டும் இந்தக் கட்டளையை வளைவில் தொடங்காதீர்கள்.

மெஷின் லாக்

அச்சுகளை நகரவிடாத இந்த லாக்கைப் போட்டுப் புரோகிராமைச் சோதித்தீர்களா? எடுத்ததும் ஹோம்.

பேட்டரி

அச்சுகளின் இடத்தை ஞாபகம் வைக்கும் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போது மாற்றுங்கள். ஆஃப் செய்து பத்திரமாக மாற்றிய ஒருவருக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று அச்சுக்கும் ரெஃபரன்ஸ் வைத்துக்கொண்டிருந்தேன். காட்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய நாள் அது.