‘செம’ என்பதற்கு அடுத்து: அனிமே ஓவியத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் முறை

என் அக்கா பையன் ஞாயிறுதோறும் பெரம்பூரிலிருந்து ஸ்கெட்ச் புத்தகத்தோடு வந்துவிடுவான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். “சித்தி, இது எப்படி இருக்கு?” என்று நீட்டுவான். நானும் “செம டா” என்பேன். ஒருநாள் கேட்டுவிட்டான்: “ஸ்கூல்லயும் செமங்கிறாங்க, இல்லைன்னா மொக்கைங்கிறாங்க. இதை வச்சு நான் எதைத் திருத்துறது?”

நியாயமான கேள்வி. ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் 14 வருடமாக லேஅவுட் வேலை பார்க்கிறேன். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்ப்பது அதைவிடப் பழைய பழக்கம். அப்படியும் ஒரு பையனுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு வார்த்தை என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கேரக்டர் டிசைன் நன்றாக இருக்கிறதா என்பது ஒன்று. அதை வரைந்த கை நன்றாக இருக்கிறதா என்பது வேறு. அனிமே ரசிகர்கள் போடும் சண்டையில் பாதி, இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவது. அனிமே ஸ்டூடியோவிலேயே இவை தனித்தனி வேலைகள். டிசைனர் ஒரு கதாபாத்திரத்தை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று வரைந்து, சிரிப்பு, கோபம், அழுகை எல்லாவற்றையும் காட்டும் தாள்களைத் தயாரிப்பார். ஜப்பானில் அதை ‘செட்டெய்’ என்பார்கள். அதைப் பார்த்து வரைகிறவர்கள் பலர். எல்லார் கையிலும் முகம் ஒன்றுபோல் வருகிறதா என்று திருத்த ஓவிய மேற்பார்வையாளர் உண்டு.

டிசைனைப் பார்க்க எளிய வழி, படம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிவிடுவது. மொபைலிலேயே செய்யலாம். வெறும் நிழலுருவம் மட்டும் இருக்கும்போதும் ஆள் யாரென்று தெரிகிறதா? இதற்கு நான் காட்டும் உதாரணம் ஜப்பானிலிருந்து வந்ததில்லை. வடபழனியிலிருந்து வந்த அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன்தான். உருவிய வாள், தோளில் தொங்கும் உடல், முன்னால் எடுத்து வைத்த கால். கண், மூக்கு, நகை எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும் எந்தத் தமிழ் வீட்டுத் தாத்தாவும் சொல்லிவிடுவார், அது யார் என்று. என் அக்கா பையனின் கதாபாத்திரம் வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பெண், கோல்கீப்பர். கறுப்பாக நிரப்பிப் பார்த்தபோது போனிடெயில் வைத்த யாரோ ஒருத்தியாகத்தான் இருந்தாள். கையுறை உடம்போடு ஒட்டிப் போயிருந்தது. “உன் பொண்ணோட அடையாளம் கையில இருக்கு, கையை உடம்பை விட்டு வெளியே கொண்டா” என்றேன். ‘செம’வால் செய்ய முடியாததை இந்த ஒரு வரி செய்தது.

அடுத்து, அந்தப் படம் எதற்காக வரையப்பட்டது என்று கேளுங்கள். ஓடும் படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். டிவி அனிமேயில் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்துவது வழக்கம். அப்போதும் ஒரு நொடிக்கு 12 அல்லது 8 ஓவியங்கள் தேவை. சட்டையில் ஒரு பொத்தான் கூடினால் அத்தனை முறையும் அதை வரைய வேண்டும். அதனால் எளிமையான உடையைப் பார்த்து ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதிவிடாதீர்கள். அகிரா தோரியாமா தன் ‘டிராகன் பால்’ மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) நாயகன் கோக்கு ‘சூப்பர் சையன்’ என்ற பலம் கூடிய வடிவத்துக்கு மாறும்போது அவன் முடியை வெள்ளையாக விட்டதற்கு ஒரு காரணம், வழக்கமான கறுப்பு முடியை ஒவ்வொரு முறையும் மை பூசி நிரப்பும் நேரம் மிச்சமாகும் என்பது. வேலையைக் குறைக்கச் செய்த முடிவு, உலகம் முழுக்கத் தெரிந்த அடையாளமாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இதேபோல், சண்டைக் காட்சியை நடுவில் நிறுத்தி, இழுபட்ட முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேலி செய்வதும் தவறு. அந்த முகம் நின்று பார்க்க வரைந்தது இல்லை. ஓடவிட்டுப் பாருங்கள். போஸ்டரும் அட்டைப்படமும் வேறு. அவை நின்று பார்க்கத்தான், அங்கே ஒவ்வொரு கோட்டையும் கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்கும்போது படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கண் மேலே ஏறியிருப்பதும் தாடை ஒரு பக்கம் சரிந்திருப்பதும் உடனே தெரியும். வரைந்தவரின் கண்ணுக்குப் பழகிப்போன பிழைகள் இவை. அவருக்குத் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. அப்புறம் முடியையும் உடையையும் விரலால் மறைத்துவிட்டு முகங்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்து பெண்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் அதைச் சொல்லலாம். ஆனால் ‘கண் ஏன் இவ்வளவு பெரிசு?’ என்பது குறையே இல்லை. டிஸ்னி படங்களையும், பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுக்கா குழுவின் மேடை நாடகங்களையும் பார்த்து வளர்ந்த மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா காலத்திலிருந்து வரும் மரபு அது.

வண்ணத்துக்கு, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முடி, முகம், சட்டை மூன்றும் ஒரே சாம்பலாகக் கரைந்தால் வெளிச்சமும் இருட்டும் பிரியவில்லை என்று பொருள். நம் நிறத்து ஆட்களை வரையும்போது இன்னொன்று கவனியுங்கள். மாநிறத் தோலுக்கு வெறும் சாம்பலிலும் கறுப்பிலும் நிழல் வைத்தால் முகம் நோய் கண்டதுபோல் வெளிறிவிடும். சிவப்பு கலந்த பழுப்பு, கொஞ்சம் ஊதா என்று போனால் உயிர் வரும். கோல்கீப்பர் பெண்ணுக்கு முதலில் பால் வெள்ளை நிறம் போட்டிருந்தான். திட்டவில்லை, “மே மாச வெயில்ல பிராக்டிஸ் பண்றவ தானே இவ?” என்று மட்டும் கேட்டேன். அவனே மாற்றிவிட்டான்.

பிரிண்ட் எடுத்த ஃபேன் ஆர்ட் (ரசிகர்கள் வரையும் படம்) மங்கலாக இருந்தால் ஓவியரைக் குறை சொல்லும் முன் மொபைலில் இருக்கும் மூலத்தையும் பாருங்கள். கணினிக் குரல் பாடகிக் கதாபாத்திரமான ஹட்சுனே மிக்குவின் முடிபோன்ற பளீர் நீலப்பச்சை திரையில் ஒளிரும். நான்கு வண்ண அச்சில் அந்த ஒளிர்வு வராது. எங்கள் அச்சகத்தில் வாரம் ஒருவராவது இதைக் கேட்டு வருத்தப்படுவார்.

சொல்லும் விதம்: பிடித்த ஓர் இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள், பிறகு ஒரே ஒரு குறை. ஏழு குறைகளை ஒரே மூச்சில் கொட்டினால் பதினாறு வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

போன ஞாயிறு கோல்கீப்பரின் மூன்றாவது வடிவம் வந்தது. கைகள் அகல விரிந்திருக்கின்றன, கையுறை முகத்தைவிடப் பெரிது. கறுப்பாக நிரப்பினோம், பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “பந்து பிடிக்கிற பொண்ணா?” என்றார். இடது கண் இன்னும் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. அதை இந்த ஞாயிறு சொல்ல வேண்டும்.