நடைக்கு ஏத்த தாளம், வெப்கேம் வச்சே பண்றது எப்படி

ஒருத்தர் நடக்கறப்ப அவரோட ஒவ்வொரு அடிக்கும் கம்ப்யூட்டர் ஒரு தாளம் அடிக்கணும், அதுதான் நாம பண்ணப்போறது. குதிகால் தரையில படுறத கேமரா பாத்ததும் 'டம்'முன்னு அடிச்சிட்டா வேலை முடிஞ்சிதுன்னு தோணும், ஆனா அப்படி பண்ணா சத்தம் எப்பவுமே காலுக்கு பின்னாடிதான் வரும். 30 எஃப்பிஎஸ் வெப்கேம்ல ஒரு ஃப்ரேமே 33 மில்லிசெகண்ட், அப்புறம் படத்துல கால் எங்கன்னு கண்டுபிடிக்கிற ஏஐ மாடல் ஓடுற நேரம், ஆடியோ பஃபர் (சத்தம் வெளிய வர்றதுக்கு முன்னாடி காத்திருக்கற இடம்)னு ஏறிட்டே போகும், ப்ளூடூத் ஹெட்செட்னா கேக்கவே வேணாம், வயர் வச்சதையே மாட்டுங்க. அதனால அடுத்த அடி எப்ப விழும்னு முன்னாடியே கணிச்சு அடிக்கணும்.

ட்ரெட்மில்தான் வசதி, ஆள் ஃப்ரேம விட்டு போகமாட்டாரு. கேமராவ பக்கவாட்டுல இடுப்பு உயரத்துல வைங்க, நல்ல வெளிச்சம் வேணும், இல்லன்னா பாதம் கலங்கி தெரியும். (லுங்கி, வேட்டியெல்லாம் அன்னிக்கு வேணாம், மாடலுக்கு கால் எங்கன்னே தெரியாது.)

பைத்தான்ல மீடியாபைப் போஸ்ங்கற ரெடிமேட் மாடல், படத்துல இருக்கற உடம்புக்கு 33 புள்ளி குடுக்கும். 23, 24 இடுப்பு, 29, 30 குதிகால். குதிகாலோட எக்ஸ்ல (படத்துல இடமிருந்து வலமா எவ்வளவு தூரம்ங்கற எண்) இருந்து இடுப்போட எக்ஸ கழிங்க, நடக்க நடக்க அது அலை மாதிரி ஏறி இறங்கும், அந்த அலை முன்பக்கமா உச்சிக்கு போற நேரம்தான் கிட்டத்தட்ட கால் ஊன்றது. கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்கற கால் அடிக்கடி மறையும், இடது வலதுன்னு மாறியும் காட்டும், அதனால நான் கேமரா பக்கத்து கால மட்டும் எடுத்துட்டு ரெண்டு ஊன்றலுக்கு நடுவுல இருக்கற நேரத்த பாதியாக்கிடுவேன். நேரத்த ஃப்ரேம் எடுத்த கணத்துல இருந்து எடுங்க, கணக்கு முடிஞ்ச நேரத்த இல்ல.

கடைசி அஞ்சாறு இடைவெளியோட மீடியன் (வரிசையா அடுக்குனா நடுவுல வர்ற மதிப்பு) எடுத்து, கடைசி அடியோட நேரத்தோட கூட்டுனா அடுத்த அடி நேரம் கிடைக்கும். கணிச்சதுக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் வந்தா முழுசா திருத்தாதீங்க, கால்வாசி போதும், ஏன்னா நடக்கறவரும் சத்தத்த கேட்டு தன் நடைய மாத்திட்டே இருப்பாரு, நீங்களும் முழுசா மாத்துனா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் துரத்திட்டே இருப்பீங்க. மனுஷன் சாதாரணமா நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 அடி வைப்பான், அதுக்கு ரொம்ப வெளிய போனா டிடெக்‌ஷன்லதான் ஏதோ தப்பு.

பறைக் குச்சி மாதிரி சட்டுன்னு வெட்டுற சத்தமா எடுங்க, வேவ் ஃபைல் ஆரம்பத்துல இருக்கற அமைதிய வெட்டிடுங்க, பல பேர் டிலேன்னு தேடுறது அங்கதான் ஒளிஞ்சிருக்கும். அடிக்கிற வேலைய ஆடியோ த்ரெட்லயே (சத்தத்துக்குன்னு தனியா ஓடுற பகுதி) விடுங்க, கேமரா லூப்புக்குள்ள வேணாம். மிச்ச டிலேவுக்கு, காலையும் ஸ்பீக்கரையும் சேத்து போன்ல வீடியோ எடுத்து எடிட்டர்ல ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளி பாத்து, எவ்வளவு பிந்துதோ அவ்வளவு முன்னாடி தள்ளிடுங்க. ரெண்டு கணிப்புக்கு கால் வரலன்னா சத்தத்த நிறுத்திடுங்க, ஆளே நின்னுட்டாரு.