ஒன்டாரியோவில ஸ்கிரீனிங் லெட்டர் வந்தா ஃபிளையரோட சேத்து எறியாதேங்கோ

என்ர மாமி கனடா வந்து ஒம்பது வருசம், ஒருக்காக் கூட பாப் டெஸ்ட், அதாவது கருப்பை வாய் கான்சருக்குப் பாக்கிற டெஸ்ட், செய்யேல்லை. அதுக்கு வரச்சொல்லி மாகாணத்தின்ர கான்சர் ஸ்கிரீனிங் திட்டத்தில இருந்து லெட்டர் வந்ததாம், பீட்சா ஃபிளையரோட சேத்து ரீசைக்கிளிங் பெட்டிக்குள்ள போட்டிட்டா, கேட்டா "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே பிள்ளை" எண்டுறா. வருத்தம் இல்லாத ஆக்களுக்குத்தான் ஸ்கிரீனிங், அதாவது நோய் வெளியில தெரிய முந்தியே தேடிப் பாக்கிறது. கட்டி தட்டுப்பட்டாலோ மாதவிடாய் நிண்டாப்பிறகு ரத்தம் பட்டாலோ அது வேற கதை, லெட்டரைப் பாத்துக்கொண்டிராம டொக்டரிட்ட ஓடோணும்.

முதல்ல ஓஹிப் கார்ட் (ஒன்டாரியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி கார்ட்) அட்ரஸைப் பாருங்கோ. பேஸ்மென்ட் மாறி மாறி இருந்த ஆக்களுக்கு லெட்டர் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

மார்பகக் கான்சருக்கு எடுக்கிற எக்ஸ்ரே, மம்மோகிராம், 40இல இருந்து 74 வயசு மட்டும், அனேகமா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. 2024 ஒக்டோபரில இருந்து நாப்பதுகளில இருக்கிறவையும் ரெஃபரல் இல்லாம தாங்களே ஃபோன் பண்ணி புக் பண்ணலாம், ஃபமிலி டொக்டர் இல்லை எண்டு சும்மா இருக்கத் தேவையில்லை. அண்டைக்கு பவுடர், டியோடரன்ட் ஒண்டும் போடாதேங்கோ, படத்தில வெள்ளைப் புள்ளியா விழும். மேல்சட்டை மட்டும் கழட்டக்கூடின மாதிரி உடுத்திட்டுப் போங்கோ.

கருப்பை வாய் டெஸ்ட்தான் எங்கட ஆக்கள் கூடுதலா ஒளிக்கிறது. 2025 மார்ச்சில இருந்து பாப் இல்லை, எச்பிவி டெஸ்ட், அதாவது கருப்பை வாய் கான்சரை உண்டாக்கக்கூடின, உடலுறவால தொத்திற ஒரு வைரஸைத் தேடுற டெஸ்ட். 25 வயசில இருந்து 69 வரைக்கும், பிரச்சினை இல்லாட்டி அஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் போதும். சாம்பிள் எடுக்கிற விதம் முந்தின மாதிரித்தான், சில நிமிசத்தில முடிஞ்சிடும். ஆம்பிளை டொக்டர் எண்டா கூச்சமா இருக்கும், அதுக்கு அங்க போய் நிண்டு முழுசாம புக் பண்ணேக்கையே "ஃபீமேல் டொக்டர் ஓர் நர்ஸ் ப்ளீஸ்" எண்டு சொல்லுங்கோ, தமிழ் இன்டர்பிரிட்டர் இருக்கோ எண்டும் அப்பவே கேளுங்கோ. பன்ரெண்டு வயசு மகனைக் கூட்டிக்கொண்டு போய் மாதவிடாய்க் கதையை மொழிபெயர்க்க விடாதேங்கோ, பாவம் பெடியன்.

பொசிட்டிவ் வந்தா கான்சர் எண்டு அர்த்தமில்லை, வைரஸ் இருக்கு எண்டுதான். மனிசனோட சண்டைக்கும் போகாதேங்கோ, அந்த வைரஸ் வருசக்கணக்கா சத்தமில்லாமல் கிடக்கும், எப்ப யாரிட்ட இருந்து வந்தது எண்டு டெஸ்ட் சொல்லாது. அடுத்த டெஸ்டுக்குக் கூப்பிட்டா மட்டும் கட்டாயம் போங்கோ.

சூப்பர் விசாவில (பிள்ளையளைப் பாக்க வாற பெற்றோருக்கான நீண்டகால விசா) வந்த அம்மாமாருக்கு ஓஹிப் இல்லை, அவையின்ர இன்சூரன்ஸ் அனேகமா அவசரத்துக்குத்தான். பக்கத்தில இருக்கிற கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்கு ஃபோன் பண்ணிப் பாருங்கோ, ஓஹிப் இல்லாத ஆக்களையும் பாக்கிற இடங்கள் அவை, ஆனா வெயிட்டிங் லிஸ்ட் இருக்கலாம்.

50 தாண்டினா குடல் கான்சருக்கு மலம் எடுத்து அனுப்பிற டெஸ்ட் ஒண்டும் இருக்கு, ஃபமிலி டொக்டர் இல்லாட்டி 811க்கு (ஒன்டாரியோ சுகாதார ஃபோன் லைன்) அடிச்சுக் கேக்கலாம், கிட் தபாலில வீட்டுக்கே வரும். மாமி அதையும் ஃபிளையரோட போட்டிடுவா எண்டு தபால் பெட்டித் திறப்பை இப்ப நான்தான் வச்சிருக்கிறன்.