சோறா, சப்பாத்தியா, களியா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

சுகர் வந்தவருக்கு ஒரே வாரத்தில் மூன்று யோசனை கிடைத்துவிடும். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறு என்பார் ஒருவர். கோதுமையும் ஆகாது, கேழ்வரகுதான் என்பார் இன்னொருவர். தானியமே வேண்டாம் என்பார் மூன்றாமவர்.

முதலில் தராசில் வைத்துப் பார்ப்போம். 60 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 47 கிராம். அதே எடைக் கேழ்வரகில் 40, கோதுமை மாவில் 38. வித்தியாசம் அவ்வளவுதான். சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை எண்ணுவதில்லை; பாதிப் பிரச்சினை அங்கேதான்.

மீதியைக் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடலாம். சோதனைக்கு மதியச் சாப்பாடே நல்லது. விடியற்காலை ஹார்மோன்கள் தாமாகவே சர்க்கரையை ஏற்றுவதால் காலைக் கணக்கு குழம்பும். அரிசியோ மாவோ, சமைக்கும் முன் 60 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். பொரியல், பருப்பு, மாத்திரை, சாப்பிட்டபின் நடக்கும் நேரம் எதுவும் எந்த நாளும் மாறக்கூடாது. ஒரு நாள் மட்டும் கால் மணி நேரம் நடந்துவிட்டால், அன்று குறைந்தது சப்பாத்தியாலா நடையாலா என்று தெரியாது.

சாப்பிடும் முன் ஒரு முறை குத்திப் பாருங்கள். முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறை. கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. பலர் தவறுவது இங்கேதான். இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தைக் குறித்துவையுங்கள். ஒவ்வோர் உணவுக்கும் மூன்று நாள் என்றால் ஒன்பது நாள், 18 ஸ்டிரிப்.

மீட்டருக்கே 15 சதவீதம் வரை பிசகு அனுமதி உண்டு. 180 என்று காட்டினால் அது 155 ஆகவும் இருக்கலாம், 205 ஆகவும் இருக்கலாம். எனவே பத்து, இருபது வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மூன்று நாளும் ஓர் உணவின் ஏற்றம் இன்னொன்றைவிட 30-க்கு மேல் கூடியிருந்தால் நம்பலாம். பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180-க்குள் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் அளவு பொய்யாக ஏறும். ஈர விரலில் ரத்தம் நீர்த்துக் குறையும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் கெட்டுவிடும்.

கேழ்வரகைக் கஞ்சி, களி, அடை என்று தனித்தனியாகச் சோதியுங்கள். நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சியது வயிற்றிலிருந்து வேகமாக இறங்கும். கஞ்சி குடித்து 220 காட்டினால் குற்றம் கேழ்வரகின் மேல் மட்டும் அல்ல, சமைத்த விதத்தின் மேலும் இருக்கலாம். சோறு மட்டும் வேண்டுபவர்கள் காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசிக்குத் தள்ளிப் பார்க்கலாம். பலருக்கு ஏற்றம் தணிகிறது.

தானியத்தை விட்ட முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அது திரும்பினால் பதறவும் வேண்டாம்.

கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கக்கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்களுக்குத் தானியமில்லா உணவு ஆபத்து. மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாமலே கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தால் சுகருக்கான யோசனையைவிடச் சிறுநீரக மருத்துவர் சொல்வதே முதலில். பருப்பு, கீரை, சிறுதானியம் எல்லாவற்றின் அளவையும் அவரிடமே கேளுங்கள். கடையில் சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதாகி டெல்மிசார்ட்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவர் அந்த உப்பைத் தொடக்கூடாது.